சூக்கியின் வாசற்படி



போன கிழமை என் நானாவின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்ததும் சலாம் சொன்னாள், பிளேன்டீ குடித்தாள், பிறகு மூலையில் உட்கார்ந்து போனுக்குள் முகத்தைப் புதைத்துக் கொண்டாள். என்ன பிள்ளை வாசிக்கிறாய் என்று கேட்டேன். சார்லேன் ஹாரிஸ் எழுதிய இரத்தக் காட்டேரிக் கதைகளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பதின்மூன்று புத்தகங்களையும் மாமியும் வாசித்து முடித்தவள்தான். முடித்துவிட்டு, பணத்தைக் கடன் கொடுத்து ஏமாந்தவள் போல இரண்டு நாள் மனம் நொந்திருந்தவளும்தான்.

காட்டேரி, காதல் என்றதும் சிலர் முகம் சுளிப்பீர்கள். நானும் அப்படித்தான் சுளித்தேன். ஆனால் 2001இல் வந்த முதல் புத்தகமான 'டெட் அன்டில் டார்க்' என்னைக் கவர்ந்தது காட்டேரியால் அல்ல, ஒரு வல்லியம்மாவால்.

கதை அமெரிக்காவின் லூசியானாவில், போன் டெம்ப்ஸ் என்ற கற்பனைச் சிற்றூரில் நடக்கிறது. ஜப்பானியர் செயற்கை இரத்தம் கண்டுபிடித்துவிட்டதால், இனி மனிதரைக் கடிக்கத் தேவையில்லை என்று காட்டேரிகள் ஊரறிய வெளியே வந்துவிட்டார்கள். கதாநாயகி சூக்கி ஒரு மதுச்சாலையில் மேசைக்கு மேசை பரிமாறும் பெண். ஏழு வயதில் வெள்ளத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவள். வளர்த்தது பாட்டி அடெல். சூக்கிக்கு ஒரு கஷ்டம் உண்டு. பக்கத்தில் நிற்பவர் மனதில் ஓடுவதெல்லாம் அவள் காதில் விழும். இதை அவள் வரமாகக் கொள்ளவில்லை, ஊனமாகவே நினைக்கிறாள். சகோதரிகளே, நினைத்துப் பாருங்கள்! ஒரு கல்யாண வீட்டில் நம்மைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொருவர் மனதிலும் ஓடுவது நமக்குக் கேட்டால் நாம் அங்கே ஒரு பிடி சோறாவது உண்போமா?

பில் என்ற காட்டேரியிடம் அவள் மயங்குவதன் காரணம் அங்கேதான் இருக்கிறது. காட்டேரிகளின் மனம் அவளுக்குக் கேட்பதில்லை. அவன் பக்கத்தில் அமைதி. பாட்டியோ, பேத்தியின் சிநேகிதன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவன் என்று அறிந்ததும், பயப்படுவதை விட்டுவிட்டு, தன் சங்கத்துக்கு வந்து பேச முடியுமா என்று கேட்டனுப்புகிறாள்! அப்படிப்பட்ட பாட்டியைத் தன் சொந்தக் குசினியிலேயே கொன்று போடுகிறார்கள். அன்றிரவு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கொலைகாரன் யார் என்று சொல்லமாட்டேன். தினமும் சூக்கியின் கண்முன்னே நடமாடுபவன் என்று மட்டும் சொல்வேன். மரியாதைக்காக மற்றவர் மனதைக் கேளாமல் தன் மனக்கதவை அடைத்து வைக்கப் பழகியவள் அவள். அந்த நல்ல பழக்கத்தாலேயே பக்கத்தில் இருந்த பாதகனை அறியாமல் போகிறாள். துப்பறியும் கதைக்கு இதைவிட நேர்மையான முடிச்சு வேண்டுமா? ஹாரிஸ் அதற்கு முன்பும் துப்பறியும் கதைகள் எழுதியவர். கைப்பழக்கம் தெரிகிறது.

இனி ஏமாற்றத்துக்கு வருகிறேன்.

இந்தக் கதைகளில் ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்காரி அழைக்காமல் காட்டேரி வாசற்படி தாண்ட முடியாது. கொடுத்த அழைப்பை அவள் திரும்பப் பெற்றால் அந்த நிமிடமே வெளியேற வேண்டும். ஆயிரம் வருடம் வாழ்ந்தவனாயினும் சரி. தனியாக வாழும் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அரண் ஏது?

மூன்றாம் புத்தகமான 'கிளப் டெட்' 2003இல் வந்தது. அதில் பில் சித்திரவதைப்பட்டுப் பட்டினி கிடக்கிறான். அவனை மீட்டு வருபவள் சூக்கி. கார் டிக்கிக்குள் அவனோடு அவளை அடைத்துவிடுகிறாள் வேறொருத்தி. பசி வெறியில் விழித்த பில், அவள் இரத்தத்தையும் குடித்து, அவளைப் பலாத்காரமும் செய்கிறான். புத்தகத்தின் முடிவில் அவள் தன் வீட்டு அழைப்பைத் திரும்பப் பெறுகிறாள். நல்லது என்று கை தட்டினேன். ஆனால் நடந்த கொடுமையை அதன் பெயர் சொல்லி நின்று பேச ஆசிரியைக்கு நேரமில்லை. அடுத்த சண்டை, அடுத்த பிணம் என்று கதை ஓடிவிடுகிறது. பில் தொடர்ந்தும் நல்ல அயலவனாகச் சுற்றி வருகிறான். அவன் முதன்முதல் அவளைத் தேடி வந்ததே இராணியின் கட்டளைப்படிதான் என்று ஆறாம் புத்தகத்தில் தெரிய வருகிறது. அதற்குத்தான் சூக்கி பெரிதாக உடைந்து போகிறாள். டிக்கிக்குள் நடந்ததற்கு அவ்வளவு அழுகை கிடைக்கவில்லை.

பிறகு எரிக். பழைய வைக்கிங், உயரமானவன், கேலிப் பேச்சுக்காரன். என் மருமகளின் உயிர்! ஏழாம் புத்தகத்தில் சூக்கியை இரத்தத்தால் தன்னோடு பிணைத்துக் கொள்கிறான், அதைவிட மோசமானவன் ஒருவன் பிணைக்க வந்ததால். ஒன்பதாம் புத்தகத்தில், 2009இல் வந்தது, துணியில் சுற்றிய ஒரு பொருளை அனுப்பி, சாட்சிக்கு முன்னால் தன்னிடம் கொடுக்கச் சொல்கிறான். அவளும் கொடுக்கிறாள். உள்ளே இருந்தது சடங்குக் கத்தி. அந்தக் கொடுக்கல் வாங்கலோடு காட்டேரிகளின் முறைப்படி அவள் அவன் மனைவி! மணமகளுக்கே தெரியாமல் நடந்த கல்யாணம்.

"அவளக் காப்பாத்தத்தானே மாமி அவன் அப்பிடிச் செஞ்ச?" என்றாள் மருமகள்.

உண்மைதான். புதிய அரசனிடமிருந்து அவளைக் காக்கத்தான் செய்தான். அதுதான் என் கோபமே. ஒவ்வொரு முறையும் ஆபத்து ஒன்றை ஆசிரியையே உண்டாக்கி, அவளைக் கேளாமல் செய்தது சரிதான் என்று வாசகரின் வாயை அடைக்கிறார். கேட்டிருந்தால் அவள் சம்மதித்திருக்கவும் கூடுமே! அந்த இரண்டு நிமிடம் கேட்பதற்கு ஆயிரம் வருடம் வாழ்ந்தவனுக்கு நேரமில்லையா? வாசற்படிக்குச் சட்டம் வைத்தவர், அவளுடைய வாழ்க்கைக்கு ஏன் ஒரு வாசற்படி வைக்கவில்லை? பதினோராம் புத்தகத்தில் சிநேகிதியின் மந்திரத்தால் இரத்தப் பிணைப்பை அவள் அறுத்தெறிகிறாள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்திக் கல்யாணத்தை அவள் அறுக்கவில்லை. கடைசிப் புத்தகத்தில் எரிக்தான் சடங்கு செய்து அவளை விலக்குகிறான், வேறொரு இராணிக்கு மாலையிடுவதற்காக. கட்டியதும் அவன், விட்டதும் அவன்.

மர்மமும் மெல்ல மெலிந்து போயிற்று. ஓநாய் மனிதர், புலி மனிதர், தேவதைகள் என்று ஆட்கள் கூடக் கூட, யார் கொன்றான் என்ற கேள்விக்கு இடமில்லாமல் போனது. அவளுடைய மனம் கேட்கும் ஊனத்துக்கும் பிற்பாடு ஒரு காரணம் கற்பித்தார்கள், பிசாசு இனத்தான் ஒருவனின் அன்பளிப்பாம். எனக்கு மிகவும் உறுத்தியது பாட்டியின் கதைதான். பாட்டன் பிள்ளை கொடுக்க இயலாதவர், பிள்ளைகள் தேவதை வம்சத்தான் ஒருவனுக்குப் பிறந்தவர்கள் என்று சொல்லிவிட்டார்கள். குசினியில் விழுந்து கிடந்த அந்தக் கிழவிக்காக நான் அழுதிருந்தேனே! செத்தவளின் பெட்டியைக் கிளறி அவள் மானத்தை வெளியே எடுத்துப் போட்டது போல இருந்தது.

கடைசியான 'டெட் எவர் ஆஃப்டர்' 2013இல் வந்தது. முடிவு முன்கூட்டியே கசிந்துவிட்டது. எரிக் கிடைக்கவில்லை, மதுச்சாலை முதலாளி சாம்தான் சூக்கிக்கு என்று தெரிந்ததும் வாசகர்கள் கொதித்தார்கள். ஆசிரியைக்கு மிரட்டல்கூட வந்தது. கதைக்காக ஒரு மனுஷியை மிரட்டுவதா? சாம் தேர்வில் எனக்குக் குறையில்லை. முதல் புத்தகத்திலிருந்து கூட நிற்பவன், பகலில் நடமாடுபவன். ஆனால் அந்த அன்பை வளர்க்கப் பன்னிரண்டு புத்தகம் இருந்தும் வளர்க்கவில்லை. அவசரமாக முடித்து வைத்தார்.

இதே கதையை 2008 முதல் 2014 வரை 'ட்ரூ பிளட்' என்று தொலைக்காட்சித் தொடராகவும் காட்டினார்கள். வீட்டில் நாலு பேரோடு இருந்து பார்க்கும் படமல்ல, அவ்வளவே சொல்வேன்.

மருமகளிடம் வாசிக்காதே என்று நான் சொல்லவில்லை. இருபது வயதுப் பிள்ளை, சொன்னால் போர்வைக்குள் வாசிப்பாள். ஒன்பதாம் புத்தகத்தில் கத்தி வரும் இடத்தை இன்னொரு முறை வாசி, எரிக்கின் முகத்தைப் பார்க்காமல் சூக்கியின் முகத்தைப் பார்த்து வாசி என்றேன். முகத்தைத் தூக்கிக் கொண்டு போனாள்.

நேற்று இரவு போன் எடுத்தாள். வாசித்தாளாம். "சாமும் அவளக் கேக்காம ஏதாச்சும் செஞ்சிருப்பானா மாமி?" என்று கேட்டாள். தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.