நிமிர்த்திய கூந்தலும் நிமிராத நியாயங்களும்

இம்மலருக்கு நான் எழுத எண்ணிய பொருளைக் கூறியபோது நண்பர்கள் சிலர் சிரித்தனர். தேசிய இனப் பிரச்சினையும் பொருளாதார நெருக்கடியும் ஆராயப்படவேண்டிய பக்கங்களில் ஒரு பெண்ணின் தலைமுடிக்கு என்ன வேலை என்று ஒருவர் வினவினார். அன்று நான் மறுமொழி கூறவில்லை. ஆனால் தமிழ் இலக்கியம் பயிலும் ஒருவர் அவ்வாறு வினவலாமா என்பதே என் ஐயம். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற ஒரே வினாவை முன்வைத்துப் பாண்டியன் அவையில் இறைவனையும் நக்கீரரையும் மோதவிட்ட மரபு நம்முடையது. நெற்றிக்கண் திறக்கும்வரை நீண்ட அவ்வாதத்தில், கூந்தலுக்குரியவளை அழைத்து ஒரு வார்த்தை கேட்டதாகத் திருவிளையாடற் கதை கூறவில்லை. அவ்விடுபாட்டை ஈண்டு ஓரளவு நிரப்ப விரும்புகிறேன்.

ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் எங்கள் கரையோரத்தில் திருமண வீடொன்று நெருங்கினால், மணப்பெண்ணும் அவள் சகோதரிகளும் முடியை நிமிர்த்திக்கொள்வது இன்று சடங்குபோல ஆகிவிட்டது. என் ராத்தாவின் திருமணத்துக்கு முன்னர், உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, என்னையும் ஓர் அழகுநிலையத்துக்கு அழைத்துச் சென்றனர். வாப்பா நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதி அங்கே போயிற்று. ஆறு மணி நேரம் அமர்ந்திருந்தேன். கண் எரிந்தது, தலைத்தோல் இரண்டு இடங்களிற் புண்ணாயிற்று. எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மூன்று மாதங்களில் அடியில் சுருள் தலைகாட்டியது. "டச்சப் செய்யவேண்டும்" என்றார்கள். செய்தேன். மீண்டும் செய்தேன். மூன்றாம் முறைக்குப்பின் சீப்பில் வந்த முடியை உம்மா என்னிடம் காட்டாமல் சுருட்டி எறியத் தொடங்கினார்.

இதன் செய்முறையை அறியாமலே பலர் இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசுகின்றனர். முடியின் உருவத்தைத் தாங்குவது கெரற்றின் என்னும் புரதம். அதன் இழைகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துப் பிணைக்கின்றன. ஐதரசன் பிணைப்புகளும் உள. வெறும் சூட்டுக்கோல் ஐதரசன் பிணைப்புகளை மட்டுமே குலைக்கும். ஈரம் பட்டதும் அவை மீண்டுவிடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் எங்கள் கடற்கரையில் காலையில் அயன் செய்த முடி பகலுணவுக்கு முன்னரே சுருண்டுவிடுவது இதனாலேயே. ஆகவேதான் இரசாயனத்தை நாடுகின்றனர். ரீபொண்டிங் என்பதில் அமோனியம் தயோகிளைக்கொலேற்றுக் களிம்பு கந்தகப் பிணைப்பை அறுக்கிறது. ஏறத்தாழ 180 பாகை செல்சியசு வெப்பமுள்ள தட்டுகளால் முடியை நேராக்குகின்றனர். பின்னர் ஐதரசன் பரவொட்சைட்டு அறுந்த பிணைப்பைப் புதிய இடத்திற் பூட்டுகிறது. மேலை நாடுகளில் ஆபிரிக்க வழிவந்தோர் பயன்படுத்திய ரிலாக்சர் வேறு வகை. சோடியம் ஐதரொட்சைட்டு போன்ற வன்காரத்தால் வேலை செய்வது. இரண்டுக்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. மாற்றப்பட்ட முடி மீளாது. வேரில் மட்டுமே உயிருண்டு. வெளியே வந்த முடி உயிரற்றது. எந்த எண்ணெயும் எந்தச் செவ்வரத்தம் இலையும் அறுந்த பிணைப்பை ஒட்டிவைக்கா. வளரவிட்டு வெட்டுவதொன்றே வழி.

வளர்வதோ மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர், மிஞ்சினால் ஒன்றேகால். சிறப்புக் கலைமாணிப் பட்டத்துக்குரிய நான்கு ஆண்டுகளும் கழிந்தாலும் அது முதுகின் நடுவைத் தாண்டுவது அரிது. நான் நிறுத்தி இருபது மாதங்களாகின்றன. என் தலையில் இழுத்து அளந்தால் ஒரு சாண், விட்டால் நான்கு விரல் என்று சுருண்டுகொள்ளும் புதுமுடி. அதன்கீழ் வைக்கோல்போலத் தொங்கும் ஒரு முழப் பழைய முடி. இரண்டும் சந்திக்கும் இடமே மிக நொய்தானது. ஈரமாக இருக்கும்போது அகன்ற பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுக்க வேண்டும். சூடு அறவே கூடாது. சூட்டுக்கோல் சந்தியை முறிக்கிறது என்பது மட்டுமன்று காரணம். மீண்டும் மீண்டும் சுட்டால் புதுமுடியும் தன் சுருளை இழந்து பழையதன் கதியை அடையும். வளர்ப்பதற்காக நிறுத்தியவள் வளர்ந்ததையே கருக்கினாள் என்றாகிவிடும்.

ஆயினும் இந்த இடைக்காலத்தில் என்னைக் காணும் ஒவ்வொருவரும் கூறும் அறிவுரை ஒன்றே: "வளரும்வரைக்கும் அயன் பண்ணிக்கொள்." ரீபொண்டிங் செய்த நாளில் என் நிலைகண்டு எவரும் இரங்கவில்லை. அதை விட்ட பின்னரே இரக்கம் பெருகுகிறது. சமூகம் ஒரு பெண்ணுக்கு இரண்டு தோற்றங்களை மட்டுமே அனுமதிக்கிறது என்பதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் அவள் காணப்படுதலை அது பொறுத்துக்கொள்வதில்லை என்பதும் இதனாற் புலனாகும்.

இனி, நம்மவரில் ஒரு சாரார் கூறும் விளக்கத்தை நோக்குவோம். இவையெல்லாம் பெண்பிள்ளைகளின் மோகம். தொலைபேசித் திரையில் கண்டதைத் தலையில் செய்துகொள்கின்றனர் என்பது அவர் கூற்று. மேடையிலும் வகுப்பறையிலும் இதனைக் கேட்டுச் சலித்துவிட்டோம். என் தோழி ஒருத்தி வேறு விதமாகக் கேட்டாள்: "முக்காட்டுக்குள் மறைகின்ற முடிக்கு ஏனடி இந்தப் பாடு?" இது கூர்மையான வினா. தெருவில் செல்லும் எந்த ஆடவனும் பாலமுனைப் பெண்ணொருத்தியின் முடி சுருளா நேரா என்று அறியான். அவ்வாறாயின் யாருக்காக நிமிர்த்துகிறோம்? பெண் பார்க்க வரும் பெண்களுக்காக. மாப்பிள்ளையின் உம்மாவும் மாமியும் ராத்தாமாரும் உள்ளறையில் அமர்ந்து, "முக்காட்டை எடுங்க மகள்" என்பர். பின்னலை அவிழ்க்கச் சொல்வர். கையால் அளைந்து பார்ப்பவரும் உளர். மோகம் என்று எம்மைச் சாடும் பெரியார் இந்த அறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை, வரவும் முடியாது. ஆகவே தாம் காணாத சந்தையின் விலையை எம் தலையில் எழுதிவிட்டு அறிவுரை கூறுகின்றனர்.

இங்கு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. எங்கள் பகுதியில் மணமகன் மனைவியின் வீட்டில் வந்து குடியேறுவதே வழக்கம். அவ்வீட்டைக் கட்டிக் கொடுப்பவர் பெண்ணின் பெற்றோர். வாப்பாமார் மத்திய கிழக்கில் உழைத்ததும், வயற்காணி விற்றதும் அச்சுவர்களுள் இருக்கின்றன. வீடும் தந்து, காணியும் தந்து, வந்தவருக்கு விருந்தும் வைக்கும் தரப்பைச் சேர்ந்தவளே தலை குனிந்து முடியைக் காட்டுகிறாள். ஏற்கப்படவேண்டியவன் எவனோ, அவன் தலையில் முடி இருக்கிறதா என்றுகூட எவரும் கேட்பதில்லை.

சிறுவயதில் என்னைக் 'காப்பிலித் தலை' என்று அழைப்பர். விளையாட்டாகத்தான். அச்சொல்லின் பயணத்தைப் பின்னர் அறிந்தேன். இறைமறுப்பாளரைக் குறிக்கும் அரபுச் சொல்லை அராபிய வணிகர் கறுப்பின ஆபிரிக்கருக்கு இட்டனர். போர்த்துக்கேயர் அதனைத் தம் மொழியில் ஏற்றனர். அவர் வாயிலாகவே அது எம் கரையில் இறங்கிக் காப்பிரி எனவும் காப்பிலி எனவும் வழங்கலாயிற்று. தொழுகின்ற ஒரு சிறுமியின் தலைமுடியை இச்சொல்லால் அழைப்பவர் தாம் கூறுவது இன்னதென அறிவாராயின் நாணுவர். ஹதீஸ் நூல்களோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முடி மிகச் சுருண்டதுமன்று, முற்றும் படிந்ததுமன்று என்றே விவரிக்கின்றன. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியில், இந்நாட்டுக்கு அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் மஞ்சா இசையை ரசிக்கின்றோம். அவர்தம் பெயரையோ வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம்.

மல்கம் எக்ஸ் 1965 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், இளமையில் வன்காரமும் உருளைக்கிழங்கும் முட்டையும் கலந்த குழம்பால் தம் முடியை முதன்முறை நிமிர்த்திய நாளை எழுதியிருக்கிறார். தலை தீப்பற்றியதுபோல எரிந்ததையும், கண்ணாடியைக் கண்டதும் அவ்வேதனை மறந்ததையும் அவர் ஒளிக்கவில்லை. பிற்காலத்தில் அதனைத் தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்ட முதற் பெரும் படியாகக் கண்டார். அந்தப் பக்கங்களை விடுதியில் வாசித்தபோது, ஆறு மணி நேர முடிவில் என் கண்ணாடியும் எனக்குக் காட்டிய சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அங்கு எதிரே நின்றது வெள்ளையின மேலாதிக்கம். இங்கு எதிரே இருப்போர் எம் சாச்சிமார். எதிர்ப்பது எளிதன்று.

உடல்நலம் பற்றிய பகுதியைச் சுருக்கமாகவே கூறுவேன். அச்சமூட்டி எவரையும் திருத்த முடியும் என்று நான் நம்பவில்லை. 2022 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆய்வொன்று வெளியாயிற்று. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில் 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டது. முந்திய ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் நிமிர்த்தும் இரசாயனங்களைப் பயன்படுத்தியோருக்கு அதன் வாய்ப்பு இருமடங்குக்கும் அதிகமாக இருந்தது: 70 வயதளவில் பயன்படுத்தாதோரில் 1.64 சதவீதம், இவர்களில் 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டுவது. காரணத்தை நிறுவியது அன்று. 'கெரற்றின் ட்ரீட்மென்ட்' என்று விற்கப்படுவனவற்றுட் பல வெப்பம் பட்டதும் போமல்டிகைட்டு வாயுவை வெளிவிடுவன. அவ்வாயு மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. அதற்குப் பதிலாகக் கிளையொட்சலிக்கமிலம் வந்தது. 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதனைக் கொண்ட களிம்பால் முடி நிமிர்த்திய 26 வயதுப் பெண்ணொருத்திக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிப்புற்றமை 2024 இல் மருத்துவ இதழில் பதிவாயிற்று. நான் ஆண்டுக்கு இரண்டு தடவை அவ்விருக்கையில் அமர்ந்தவள். நாளும் அக்கதிரைக்குப் பின்னால் நின்று அந்த ஆவியைச் சுவாசித்தவள் என் வயதினளான ஒரு கூலிப்பெண். அவள் கையிலிருந்த போத்தலின் எச்சரிக்கை ஆங்கிலத்திலும் எனக்குப் புரியாத வேறொரு மொழியிலும் இருந்தது. தமிழ் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழ்ச் சங்கங்கள் பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழை தேடுவதோடு அமையாது, அப்போத்தலையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

மறுபுறத்தில், எம்மைப் பழமைக்கு அழைத்துச் செல்ல விரும்புவோரும் உளர். சங்கப் புலவர் கூந்தலை அறலுக்கு ஒப்பிட்டனர் என்று பேராசிரியர் ஒருவர் விரிவுரையிற் கூறியபோது நான் மகிழ்ந்தது உண்மை. அறல் என்பது ஓடும் நீர் கருமணலில் விட்டுச்செல்லும் நெளிவரி. அலை பின்வாங்கும்போது பாலமுனைக் கரையில் அதே வரியைக் காண்கிறேன். குளித்துவிட்டு வந்து கண்ணாடியிலும் காண்கிறேன். குழல், நெறி, சுரியல் எனச் சுருளைக் குறிக்க இத்தனை சொற்களை உடைய மொழி, நேர்முடி ஒன்றே அழகு என்று கருதியிருக்க இயலாது. எனினும் இதனைப் பிடித்துக்கொண்டு தொங்க நான் விரும்பவில்லை. புகழ்ந்தவரும் அளந்தவரே. நீளமும் கருமையும் அடர்த்தியும் அவர் பாட்டில் வருகின்றன. உதிர்ந்த முடியும் புண்பட்ட தலைத்தோலும் வருவதில்லை. இன்று சுருளே அழகு என்று ஒரு புதிய சட்டம் போட்டு, அதற்கென ஒரு புதிய களிம்பை விற்கும் வணிகரும் தோன்றிவிட்டனர். 'இயற்கை' என்ற சொல்லைப் போத்தலின் மேல் ஒட்டியவர் எவராயினும் அவரை நான் நம்புவதில்லை. ரீபொண்டிங் செய்துகொண்ட தோழியரைப் பழிப்பதும் என் நோக்கமன்று. அவர்களுட் சிலர் என்னைவிட அறிவுடையோர். தம் வீட்டு நிலை அறிந்தே செய்தனர். நான் கேட்பது சிறியது. விட்டவளை, விட்ட நிலையிலேயே இருக்க விடுங்கள். "வளரும்வரைக்கும்" என்று சூட்டுக்கோலை நீட்டாதீர்கள்.

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் என்னைப் பார்க்க ஒரு வீட்டார் வந்தனர். காலையிலேயே உம்மா ஸ்ட்ரெயிட்னரைச் செருகிச் சூடாக்கி வைத்திருந்தார். "இன்டைக்கு மட்டும் மகள். அவங்க போனாப்பொறவு உன்ட விருப்பத்துக்கு வெச்சிக்க" என்று கையைப் பிடித்தார். மறுத்தேன். முக்காட்டை எடுக்கச் சொன்னபோது எடுத்தேன். பாதி சுருளும் பாதி வைக்கோலுமாக அவர் முன்னே நின்றேன். எவரும் ஒன்றும் கூறவில்லை. வட்டிலப்பத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுச் சென்றனர். மூன்று நாட்களின் பின்னர் கல்யாணத் தரகர் வாயிலாகச் செய்தி வந்தது: பிள்ளைக்கு ஏதோ முடி வருத்தம்போல, அதைச் சுகப்படுத்திவிட்டுப் பேசலாம். மூன்று ஆண்டுகளாக நோயுற்றிருந்த தலை சுகமாகத் தொடங்கியதை நோய் என்று கண்டனர். அன்றிரவு உம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்து, சுருள் வேறு நேர் வேறாகப் பிரித்து மெதுவாகப் பின்னிவிட்டார். ஒரு சொல்லும் பேசவில்லை.

டிசம்பர் விடுமுறையில் வேறொரு வீட்டார் வருவதாக இருக்கின்றது. ஸ்ட்ரெயிட்னர் மீண்டும் அலுமாரியிலிருந்து மேசைக்கு வந்துவிட்டதாகத் தங்கை தொலைபேசியிற் கூறினாள். பரீட்சை முடிந்த மறுநாள் கீழேயுள்ள ஒரு முழத்தையும் வெட்டிவிட்டே ஊருக்குப் பஸ் ஏறுவேன் என்று உம்மாவிடம் சொல்லும்படி அவளிடம் கூறினேன். சொல்லிவிட்டாளாம். உம்மாவிடமிருந்து இதுவரை மறுமொழி இல்லை.