மடியில் கங்காணி

2025 நவம்பர் 28ந் தேதி டில்லி சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா ஓர் உத்தரவு போட்டது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புதிய செல்போனிலும் "சஞ்சார் சாத்தி" என்ற சர்க்கார் ஆப்பைக் கம்பெனிகளே ஏற்றித்தான் விற்க வேண்டும். 90 நாளைக்குள் செய்து முடிக்க வேண்டும். அதன் வேலையை முடக்கவோ குறைக்கவோ கூடாது. ஆண்ட்ராய்டு போனானாலும் சரி, ஐபோனானாலும் சரி, விலக்கில்லை. திருட்டுப் போனைப் பிடிக்கவும் மோசடியைத் தடுக்கவுமே இது என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும், வேண்டாதவர்கள் அழித்துக்கொள்ளலாம் என்று மந்திரி சமாதானம் சொன்னார். டிசம்பர் 3ந் தேதி கட்டாயம் வாபஸாயிற்று.

ஐந்தே நாளில் வாபஸ்! சந்தோஷம்தான். ஆனால் டில்லியிலும் பம்பாயிலும் விலையுயர்ந்த போன் வைத்திருப்போர் கூச்சல் போட்டதால் ஐந்து நாளில் நின்ற காரியம், குளத்து மண் சுமக்கும் பெண்கள் விஷயத்தில் வருஷக் கணக்காய் நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பை ஒட்டிய ஊர்களிலிருந்து நூறு நாள் வேலைக்குப் போன தாய்மார்களுக்கு இது தெரிந்த கதை. 2021 மே மாதம் கிராம வளர்ச்சி மந்திரி இலாகா ஒரு ஆப்பைக் கொண்டுவந்தது. 2022 மே மாதம் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் அது கட்டாயமாயிற்று. 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடங்களிலும் கட்டாயம். காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். படத்தோடு இடமும் நேரமும் பதிவாகும். இரண்டு படத்திலும் ஆள் இருந்தால்தான் ஆஜர்.

டவர் கிடைக்காவிட்டால்? மேற்பார்வைப் பெண்ணின் போனில் சார்ஜ் இறங்கிவிட்டால்? மதியத்துக்குள் தன் அளவு மண்ணை வெட்டிக் கொட்டிவிட்ட பெண், பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்க வீட்டுக்குப் போக முடியாமல், படத்துக்கு முகம் காட்டுவதற்காகவே வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெட்டிய மண் கண்ணெதிரே குவிந்து கிடக்கும். படம் ஏறவில்லை என்றால் கூலி கிடையாது. 2023 பிப்ரவரியில் பல ராஜ்யங்களிலிருந்து இந்தத் தொழிலாளிகள் டில்லி ஜந்தர் மந்தரில் கூடி நூறு நாள் தர்ணா தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊழலை ஒழிக்கவே ஆப் என்று ஜம்பம் அடித்தார்களே, ஒழிந்ததா? 2025 ஜூலையில் அதே மந்திரி இலாகா ராஜ்யங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையே பதில் சொல்கிறது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்களாம். படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்களாம். ஆகையால் இனிப் படங்களை மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டுமாம்! திருடுகிற கண்டிராக்டருக்கு ஆப் ஒரு தடையாகவே இல்லை. தடைப்பட்டது உழைத்தவளின் கூலி மட்டுமே. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது. நாள் 125 என்று ஏட்டில் ஏறியிருக்கிறது. செல்போன் கண்காணிப்போ சட்டத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டது.

போன் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்பதை மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, டவர். எந்த டவரோடு போன் பேசுகிறதோ அது கம்பெனியின் கணக்கில் ஏறும். இதற்கு இன்டர்நெட் வேண்டாம். பட்டன் போனே போதும். யார் யாரோடு, எத்தனை நிமிஷம், எந்த டவரிலிருந்து பேசினார் என்பதெல்லாம் பதிவு. இரண்டாவது, ஆப். இங்கேதான் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் வித்தியாசம். "சஞ்சார் சாத்தி"யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் அது போன் அழைப்புக் குறிப்பையும் குறுஞ்செய்தியையும் பார்க்க அனுமதி கேட்டது. ஐபோனில் காமிராவும் படங்களும் போன்ற சிலவற்றோடு நின்றது. ஏழை வாங்கும் போன் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. கதவும் அங்கேதான் அகலம். ஐபோன்காரர் அதனால் இறுமாந்துவிட வேண்டாம். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதற்கு எந்தப் போனும் ஒன்றுதான்.

அதன் பெயர் பெகாசஸ். இஸ்ரேலிய என்.எஸ்.ஓ. கம்பெனியின் சரக்கு. தனியாருக்கு விற்பதில்லை, சர்க்கார்களுக்கே விற்கிறோம் என்பது கம்பெனியே சொன்னது. நீங்கள் எதையும் தொட வேண்டாம், எந்த லிங்கையும் அழுத்த வேண்டாம். உள்ளே புகுந்து மைக்கையும் காமிராவையும் திறந்துகொள்ளும். 2019ல் வாட்ஸப் வழியாக இதற்கு இலக்கானவர்கள் உலகெங்கும் சுமார் 1,400 பேர். அவர்களில் இந்திய வழக்கறிஞர்களும் மனித உரிமைக்காரர்களும் உண்டு. 2021 ஜூலையில் வெளியான பட்டியலில் இந்திய எண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அந்த வருஷம் அக்டோபர் 27ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு விசாரணைக் கமிட்டி அமைத்தது. கமிட்டி 29 போன்களைச் சோதித்து, ஐந்தில் ஏதோ வேவு மென்பொருள் இருப்பதாகவும், அது பெகாசஸ்தான் என்று முடிவாகச் சொல்ல இயலவில்லை என்றும் கூறியது. சர்க்கார் ஒத்துழைக்கவில்லை என்று கமிட்டி தெரிவித்ததை 2022 ஆகஸ்டில் பிரதம நீதிபதியே கோர்ட்டில் சொன்னார். வாங்கினாயா இல்லையா என்ற ஒரு கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல ஒரு சர்க்காருக்கு இவ்வளவு கஷ்டமா? 2023 அக்டோபர் 31ந் தேதி, சர்க்கார் பலம் கொண்டோர் உங்கள் ஐபோனைத் தாக்க முயலக்கூடும் என்று ஆப்பிள் கம்பெனியின் எச்சரிக்கை வந்தவர்களில், மறைந்த தோழர் சீத்தாராம் யெச்சூரியும் ஒருவர்.

"மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமென்ன?" என்று கேட்பார்கள். சட்டத்துக்கு உட்பட்டு நடப்பவன் ஏன் அஞ்ச வேண்டும் என்பார்கள். ஆதிச்சநல்லூர்ப் பரம்பு பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே புதைந்திருக்கும் ஒரு தாழியைத் திறக்க வேண்டுமானால் தொல்பொருள் இலாகாவின் லைசென்ஸ் வேண்டும். செத்தவன் தாழிக்கு இருக்கிற காவல், உயிரோடிருப்பவன் மடிக்கு இல்லையா? 2017 ஆகஸ்டு 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆயினும் ஒட்டுக்கேட்க அனுமதி தருவது நீதிபதி அல்ல, உள்துறைச் செயலாளர். அதைப் பரிசீலிக்கும் கமிட்டியிலும் அதிகாரிகளே. 2023ல் நிறைவேறிய தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவோ, வேலை சம்பந்தமாகவும் முதலாளிக்கு நஷ்டம் வராமல் காக்கவும் என்றால், தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே அவன் விவரங்களைக் கையாள இடம் கொடுக்கிறது. மில் கேட்டில் "இந்த ஆப்பைப் போடு" என்றால் அதற்கு இந்த ஷரத்து போதும் என்று நாளை ஒரு மானேஜர் வாதாட மாட்டாரா?

நம் சீமைக்கு இது புதிதல்ல. தூத்துக்குடித் துறையில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போன முப்பாட்டன்மார் கங்காணியின் "துண்டு" இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்கு நகர முடியாது. அந்தத் துண்டில் அவர்கள் கடன் எழுதியிருக்கும். 1921ல்தான் அது ஒழிந்தது. 1908ல் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சிவாவும் பேசிய பேச்சைப் போலீஸ் ஆட்கள் குறித்துக்கொண்டார்கள்; அந்தக் குறிப்பே கோர்ட்டில் சாட்சியம். கைரேகைச் சட்டத்தின் கீழ் பதிவான சாதியார் இரவில் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டியிருந்தது. ரேகை வைக்க மறுத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ந் தேதி துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

கருவியையே பகைக்கிறோமா? இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் சிக்கிய மீனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு கருவி இருந்திருந்தால் எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கும். அதைக் கேட்டவர்கள் மீனவர்களே. கரை கடலைத் தேட வேண்டியிருந்தபோது கருவி இல்லை. 2018 மே 22ந் தேதி தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துக் கலெக்டர் ஆபீசுக்குப் போன மக்களில் பலர் சுடப்பட்டு மாண்டார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஜில்லாக்களில் இன்டர்நெட்டை நிறுத்த உத்தரவாயிற்று. பெற்றவள் பிள்ளையைத் தேடும் நேரத்தில் வாயடைப்பு! சாலையோர மண் வேலைக்கு மட்டும் நாளுக்கு இரண்டு படம்.

2021ல் ஹரியானாவின் ஆஷா தொழிலாளிகளுக்குச் சர்க்கார் போன் கொடுத்து, அதில் எங்கிருந்தும் போனைக் கண்காணிக்கக்கூடிய ஒரு ஆப்பைப் போடச் சொன்னது. அந்தப் பெண்கள் மறுத்தார்கள். ஒருத்தி மறுத்தால் வேலை போகும். எல்லோரும் சேர்ந்து, சங்கமாக மறுத்தார்கள்.

தொழிலாளியின் சொந்தப் போனில் முதலாளியின் ஆப் கூடாது. வேலைக்குத் தேவை என்றால் போனை முதலாளி கொடுக்கட்டும்; வேலை நேரம் முடிந்ததும் அது அணையட்டும். எந்த விவரம் எடுக்கிறார்கள், எத்தனை நாள் வைக்கிறார்கள் என்பதைத் தமிழில் எழுதிச் சங்கத்திடம் தர வேண்டும். ஒட்டுக்கேட்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். படம் ஏறவில்லை என்ற காரணத்தால் பிடித்த கூலியை, வேலை அளவுப் புத்தகத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். படம் ஏறாத நாளில் வேலை பார்த்தவர்கள் தேதியையும் வேலை நடந்த இடத்தையும் உடன் வேலை பார்த்தோர் பெயரையும் இன்றே ஒரு தாளில் எழுதி, யூனியன் ஆபீசில் மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.