வாகன துஆவும் தலைக்கவசமும்

நாற்பதைக் கடந்தும் நமக்குப் புல்லட் மீதுள்ள பிரியம் தணியவில்லை. ஃபஜ்ருக்குப் பின் அதைத் துடைத்து, சற்றுத் தொலைவு ஓட்டி வருவது ஆகுமான இன்பமே.

ஸூரத்துஸ் ஸுக்ருஃப் கற்பிக்கும் வாகன துஆவையும் மறவாது ஓதுகிறோம். ஆனால் தலைக்கவசமோ வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டுமென்ற நபிமொழியைப் பாடம் நடத்திவிட்டு, வெறும் தொப்பியுடன் வண்டியை எடுத்தோம். “ஹஜ்ரத், ஒட்டகத்தைக் கட்டவில்லையா?” என்றான் மாணவன் ஒருவன். நாணி நின்றோம்.

உயிர் அல்லாஹ்வின் அமானிதம். பின்னால் அமரும் மனைவிக்கும், நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும்கூட மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. நம் வீடுகளில் எத்தனை உள்ளன? ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் எண்ணிப் பார்ப்போம். குறைந்தால் வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.