பாய் விரித்த இடமெல்லாம் சொந்த மைதானம் ஆகிவிடுமா?



கிரிக்கெட் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறோம். இன்று கொஞ்சம் கபடி பேசலாம். நம் மாநில விளையாட்டு அதுதான் என்பது பலருக்கு நினைவிருக்காது.

புரோ கபடி லீக் 2014-ல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது அதில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. ஆட்களுக்கா பஞ்சம்? 2016-ல் பாட்னா அணி கோப்பை வென்றபோது அதன் கேப்டன் நம் தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன். 2017-ல் லீக்கைப் பன்னிரண்டு அணிகளாக விரித்தபோதுதான் 'தமிழ் தலைவாஸ்' பிறந்தது. சச்சின் பங்குதாரர், இமாச்சலத்து அஜய் தாக்கூர் கேப்டன் என்று தடபுடலான தொடக்கம். நேரு உள்விளையாட்டு அரங்கில் மேட் விரித்தார்கள். ஊரே கைதட்டியது.

விளைவு? 2017, 2018 இரண்டு ஆண்டும் தன் பிரிவில் கடைசி. 2019-ல் பன்னிரண்டு அணிகளிலும் கடைசி. மஞ்சீத் சில்லர், ராகுல் சௌத்ரி என்று பெரிய பெயர்களைச் சேர்த்தும் பலனில்லை. முதல் ஆண்டில் நன்றாக ஆடிய நம் பிரபஞ்சனோ அடுத்த ஆண்டே குஜராத் அணிக்குப் போய்விட்டார்.

2022-ல் ஒரு வேடிக்கை நடந்தது. 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவ்வளவுதான் கதை முடிந்தது என்றார்கள். ஆனால் நரேந்தர் என்ற புதுமுகம் 200-க்கும் மேல் ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. விலை கொடுத்து வாங்கும் பெயரைவிட வளர்த்தெடுக்கும் பிள்ளைதான் கரை சேர்ப்பான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த அரையிறுதி ஆண்டில் சென்னையில் ஒரு ஆட்டம்கூட இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஆகஸ்ட் 2019-க்குப் பிறகு டிசம்பர் 2023 வரை சென்னையில் மேட் விரிக்கவே இல்லை. கொரோனா காலத்தில் எல்லா ஆட்டமும் பெங்களூரில். அதை ஒப்புக்கொள்ளலாம். 2024-லும் ஹைதராபாத், நொய்டா, புனே என்று மூன்றே ஊர்கள். 2025-ல்தான் மறுபடி சென்னை. வந்து, சில நாள் ஆடி, மேட்டைச் சுருட்டிக்கொண்டு போவதற்குப் பெயர் சொந்த மைதானம் இல்லை, முகாம்.

மேட் என்பது சின்ன விஷயம் இல்லை. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனுக்கு, ஷூ போட்டு மேட்டில் திரும்புவதும் பாய்வதும் வேறு ஆட்டம். ஆண்களுக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர், அவ்வளவுதான் ஆடுகளம். அந்த அளவு மேட் நம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாள். நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து துரைப்பாக்கம் ஓரத்தில் குடியமர்த்திய மக்களின் பிள்ளை. அதே போட்டியில் ஆண்கள் அணியில் தங்கம் வென்றவன் திருவாரூர் மாவட்டத்து அபினேஷ். அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் கொடுத்தது. மகிழ்ச்சி. ஆனால் பரிசு ஜெயித்த பிறகு வருவது. மேட் ஜெயிப்பதற்கு முன்னால் வர வேண்டும்.

என் கருத்து இதுதான். பெயரில் 'தமிழ்' வைத்த அணி, ஆண்டுக்கு ஒரு வாரம் விருந்தாளியாக வந்தால் போதாது. மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. தாம்பரம், வண்டலூர், கண்ணகி நகர் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி தர ஏதாவது ஓரிடத்தில் அணி வேர் பிடிக்கட்டும். அரசும் கை கொடுக்கட்டும்.

என் மாணவர்களே, நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாக முன்னாள் மாணவர்கள் அரசுப் பள்ளிக்கு உதவ முடியும். பத்துப் பேர் சேர்ந்தால் நீங்கள் படித்த பள்ளிக்கு ஒரு கபடி மேட் வந்துவிடும். யார் யார் தயார் என்று கீழே எழுதுங்கள். முதல் பெயராக என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.