மூன்றெழுத்தின் மதிப்பு
ஓஆர்எஸ் என்ற மூன்றெழுத்தைக் கண்ட பானத்தின் மேலெல்லாம் அச்சடிக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டபோது, எனக்கு 1971 வங்கதேசப் போரின் அகதி முகாம்தான் நினைவுக்கு வந்தது. மேற்கு வங்க எல்லையில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்து டிரம்களில் நிரப்பி, உறவினர்களையே புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசல்தான் ஓஆர்எஸ். அந்த மருந்தின் பெயர், சர்க்கரையை வாரிக்கொட்டிய பழச்சுவைப் பாக்கெட்டில் ஏறி மருந்துக்கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்ததுதான் கொடுமை. குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சக் கொஞ்சம் சர்க்கரை வேண்டும். அளவு மீறினால் அதுவே உடம்பின் நீரைக் குடலுக்கு இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசல் பொட்டலம் இலவசமாகவே கிடைக்கிறது. ராத்திரி வேளையில் கைவசம் இல்லையா, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கண்ணளவு, கையளவெல்லாம் இங்கே உதவாது. உப்பிட்ட நீர்த்த கஞ்சியும் நல்லதுதான். பிள்ளை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக (தம்ளரை நீட்டி ‘மடமடன்னு குடி’ என்று மிரட்டும் மாமாக்களைத் தள்ளி நிறுத்தவும்). சிறுநீர் நின்று, கண் குழிந்து, பிள்ளை துவண்டுவிட்டால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு உடனே ஆட்டோ பிடியுங்கள்.