தூது சென்ற ஔவையார்

மாலைதோறும் நூலகத்தில் ஒரு பழம்பாட்டைப் பயில்வது யான் பெறும் எளிய இன்பம். அங்ஙனம் பயிலுங்கால் புறநானூற்று ஔவையாரைக் கண்டேன். ஆத்திசூடி பாடிய மூதாட்டியினும் இவர் பல நூற்றாண்டு முற்பட்டவர். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார். அவன் காட்டிய படைக்கலங்களின் பளபளப்பைப் புகழ்வார்போல் பழித்து, அதியமான் வேல்களோ போரில் முரிந்து கொல்லன் உலையில் உள்ளன என்றார்.

1894-இல் உ. வே. சாமிநாதையர் இந்நூலை அச்சேற்றினார். ஆயினும், எழுத்தறியா என் பாட்டியார்க்கு இப்பாட்டை யான் அண்மையிற் படித்துக்காட்டியபோது, “இவரைப் பற்றி எங்களுக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?” என வினவினார். ஆத்திசூடியை விலக்குக என்பேனல்லேன். அடக்கம் கற்பித்த ஔவையையும் அரசவையில் அஞ்சாது பேசிய ஔவையையும் நம் சிறுமியர் ஒருங்கே அறிதல் வேண்டும். பாட்டியாரின் வினாவிற்கு வேறு விடை உண்டோ?