சிக்கனம் என்னும் வீண்செலவு

பாதுகாப்பு நிதி போதவில்லை என்ற புலம்பல் தில்லியில் புதிதன்று. 2025-26ஆம் ஆண்டுக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடி ரூபாயில் தளவாடம் உள்ளிட்ட மூலதனச் செலவுக்குக் கிடைப்பது 1.80 லட்சம் கோடி, ஓய்வூதியமே 1.60 லட்சம் கோடியை எடுத்துக்கொள்கிறது. இந்த நெருக்கடிக்கு ரைசினா குன்றின் அலுவலர்கள் கண்ட வழி இரண்டே: குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம், பணமில்லாத ஆண்டில் ஒத்திவைப்பு. இதற்குச் சிக்கனம் என்று பெயர் வேறு.

இச்சிக்கனத்தின் உண்மை விலையை மும்பையின் மசகான் கப்பல்கட்டும் தளம் அறியும். 1981இல் மேற்கு ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தப்படி இரண்டு நீர்மூழ்கிகள் அங்கிருந்து வந்தன. வேறு இரண்டு மசகானிலேயே கட்டப்பட்டு, 1992இலும் 1994இலும் கடற்படையில் சேர்ந்தன. இடையில் தரகுக் குற்றச்சாட்டு எழ, மேற்கொண்டு கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. குற்றத்தை விசாரித்திருக்கலாம், தண்டித்திருக்கலாம்; தண்டனை பெற்றதோ பட்டறை! ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்கும் எஃகுடலைப் பற்றவைக்கும் கைத்திறன், வரைபடமாக அலமாரியில் பூட்டி வைக்கக்கூடியதன்று. வேலையின்றி அந்தக் கைகள் கலைந்தன. 2005இல் பிரெஞ்சு ஸ்கார்பீன் ஒப்பந்தம் வந்தபோது அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 18,798 கோடி ரூபாய் மதிப்பீடு 23,562 கோடியாக உயர்ந்தது. 2012இல் வரவேண்டிய முதல் கப்பல் 2017இல்தான் வந்தது. கருவிகள் வாங்குவதில் நேர்ந்த இழுபறியும் இதற்குக் காரணம் என்பது உண்மையே. ஆயினும் பத்தாண்டுக்கு மேல் நீண்ட வெற்றிடத்தை அது மறைத்துவிடாது.

அமெரிக்காவின் செல்வமும் இவ்விதிக்கு விலக்கன்று. தேஜஸ் மார்க் 1ஏ விமானத்துக்கென 2021இல் ஜி.இ. நிறுவனத்திடம் 99 எஃப்404 எஞ்சின்கள் கோரப்பட்டன. ஆணையின்றி நின்றுபோயிருந்த உற்பத்தி வரிசையை உயிர்ப்பித்து முதல் எஞ்சினை அனுப்ப 2025 மார்ச் ஆயிற்று.

இரண்டாண்டுக்கு ஒரு கப்பலேயாயினும் இடைவிடாது கட்டச் செய்வதே மலிவு. ஆணை உறுதியானால் பொதுத்துறை சோம்பிவிடும் என்பர், நியாயமான அச்சம்தான். ஆனால் சோம்பலைத் திருத்தத் தணிக்கையும் அபராதமும் உண்டு. கலைந்த பட்டறையைத் திரட்ட எந்தத் தணிக்கையாலும் ஆகாது.

ஆறாவது ஸ்கார்பீனான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்துவிட்டது. அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்கு 2021இலேயே ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. விலைப்பேச்சு தொடங்கியதோ 2025 செப்டம்பரில். மசகானின் கூட்டாளியாக மேசைக்கு வந்திருப்பது, எச்.டி.டபிள்யூ.வைத் தன்னுள் அடக்கிக்கொண்ட ஜெர்மன் நிறுவனம்.